எடைச் சீட்டு

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஒரு வாரம் முன்பு என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். அவளை ஆக்ஸிஜனில் வைத்துவிட்டு, என்னை மட்டும் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தியம் இருந்த முப்பது நாளும் நான் வாசல் தாண்டவில்லை. காலையில் தாய்ப்பாலைப் புட்டியில் எடுத்து, பையில் வைத்துக் கணவர் தம்பிராஜாவிடம் கொடுப்பேன். மாலையில் காலிப் புட்டியும் எடை எழுதிய சீட்டும் வரும். கடைசிச் சீட்டில் ஐந்து பவுண்டு.

முப்பத்தோராம் நாள் நானே பாலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெர்டேக்கா அன்றே ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்களாம்; அன்றே அவள் போய்விட்டாளாம். அன்றைக்குத்தான் அவர் எனக்குச் சின்னக் கொடி வாங்கி வந்தார்.

"அப்பா கையெழுத்துப் போதும்மா," என்றாள் நர்ஸ். பெற்றவளை யாரும் கேட்கவில்லை.

மாலையில் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தவர் தலையைத் தூக்கவில்லை. "பிழைச்சாலும் படுத்த படுக்கைதான்னு டாக்டர் சொன்னாரு. பத்தியத்துல இருந்த, எப்படிச் சொல்றது?"

"என் பாலை என்ன செஞ்சீங்க?"

"கொட்ட மனசு வரல. அவளைப் புதைச்ச இடத்து வேலியில பையை மாட்டிட்டுப் போவேன். சாயங்காலம் புட்டி காலியா இருக்கும், கூடவே சீட்டும். சத்தியமா நான் எழுதல, கமலவேணி."

அன்றைய பாலை அவர் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினேன். பையை அடுக்களை ஆணியில் மாட்டினேன்.

காலையில் பைக்குள் ஒரு சீட்டு இருந்தது. இரண்டு அவுன்ஸ் குறைந்திருந்தாள்.