நான்காவது அலாரம்

எங்கள் ஃபுளோரிடாக் கரையில் புயல் பருவம் தொடங்குமுன் வீட்டுக் காப்பீட்டை மாற்றிவிட வேண்டும். மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். தொகைகள் வேறு வேறு. படுக்கையறை மட்டும் மூன்றிலும் நான்கு என்றிருந்தது. எங்களுக்கு இருப்பதே மூன்று.

"தப்பாப் போட்டா, கூரை பறக்குற அன்னிக்குக் கையை விரிச்சிடுவானுங்க," என்றார் என் கணவர் வெண்டெல்.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "வீட்டைப் பாத்துட்டுப் போனவர் அப்படித்தான் மேடம் எழுதியிருக்காரு. நாலு ரூம், நாலு புகை அலாரம். மூணுன்னு மாத்தினா தள்ளுபடி போயிடும்."

"போகட்டும். இல்லாத ரூமை யாரு பெருக்குறது?"

மூன்று என்று திருத்தி வாங்கிக் கையெழுத்துப் போட்டோம்.

மத்தியானம் மழை தூறியது. பேட்டரி தீர்ந்த அலாரம் போல எதுவோ நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டது. மூன்று அலாரங்களையும் கழற்றி மேசையில் வைத்தோம். மூன்றும் சும்மா கிடந்தன. சத்தம் நடைவழி முடிகிற சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. அதற்கு அப்பால் ஆரஞ்சு மரம்தான் இருக்கிறது.

வெண்டெல் புதுப் பேட்டரியோடு சுவருக்கு முன்னால் போய் நின்றார். சுவருக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கீச்சொலி நின்றுவிட்டது.