அமெரிக்கா படித்தவன்

"கையத் தூக்கு தம்பி."

திருநாவுக்கரசு தூக்கினான். இரவல் கோட்டின் பைக்குள் இருந்த பொட்டலம் இடுப்பில் சுட்டது. லாபு ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டில், சோதனைக்கு நின்ற பால்வெட்டுக்காரர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

காவலர் அர்ச்சுனன் போன மாதம்தான் கோலா பிலாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். பொட்டலத்தை உருவி, வாழையிலையைப் பிரித்தார். சர்க்கரைப் பொங்கல்.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஜெயில்.

"கோயில் பிரசாதம் ஐயா! நாந்தான் வச்சேன், என்னப் புடிங்க!" வரிசையிலிருந்து மயிலம்மாள் ஓடிவந்தாள். காட்டோரத்துத் துப்பாக்கிச் சூட்டில் புருஷனைப் பறிகொடுத்தவள். மிஞ்சியது இந்த ஒரே மகன். "சிரம்பானுல அவனுக்கு இன்டர்வியூ."

"என்னா வேலைக்கு?"

"கணக்கெழுதுற கிராணி வேலைண்ணே," என்றான் அவன்.

"என்னா படிச்ச?"

"மதராஸ்ல பி.ஏ. அமெரிக்கா பத்தி. அவங்க சரித்திரம், இலக்கியம்."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "லாபுல பொறந்துட்டு படிச்சது அமெரிக்காவாலா!" என்றாள் ராக்கம்மா. "அங்க ரப்பர் மரம் இருக்கா, கேட்டியா?"

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. "அதுக்கு என்னா வேல கெடைக்குமாம்?"

"எங்க புரொபசர் நெறைய சொன்னாரு. காலேஜு, பத்திரிகை, ரேடியோ..."

"தூதரகத்த விட்டுட்டியே."

"அங்கயும் போனேண்ணே."

"டைப் அடிக்கத் தெரியுமான்னு கேட்டிருப்பாங்க."

திருநாவுக்கரசு ஆமென்று தலையாட்டினான். வளைவில் சிரம்பான் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். நாளைக்கு அவனும் அம்மாவோடு பால்வெட்டுக் கத்தி எடுக்க வேண்டியதுதான்.

அர்ச்சுனன் பொட்டலத்தை அவன் கையிலேயே திணித்தார். "சோறுதான் வெளிய போகக் கூடாது. வயித்துக்குள்ள இருக்குறத யாரும் சோதிக்க மாட்டாங்க. இங்கயே தின்னுட்டு ஓடு."

அவன் அவசரமாக விழுங்கினான். அவரும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

"கெடைக்கலேன்னா கவலப்படாத தம்பி. இந்தக் கேட்டுக்கு இன்னொரு ஆள் எடுக்குறாங்க."

"பி.ஏ. படிச்சிட்டுக் கேட்டுலயாண்ணே?"

அர்ச்சுனன் நெய்க் கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் அந்தப் புரொபசர்தான்லா."