பித்தளை ஸ்டவ்

பூங்கோதை எதை வரைய உட்கார்ந்தாலும் தூரிகை அம்மாவின் அடுப்படிக்குத்தான் போய் நிற்கும். ஆறு வயதில் பார்த்த அடுப்படி. கரி படிந்த ஜன்னல் கம்பி, உப்பு ஜாடி, ஆணியில் தொங்கும் முறம் என்று ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை. ஸ்டவ் வெடித்துத்தான் அம்மா செத்துப்போனாள் என்று அன்று போலீஸ்காரரிடம் சொன்னதும் அவள்தான். அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவளுடைய கண்காட்சிக்கு முதல்முறையாக வந்த அப்பா, கைத்தடியை ஊன்றியபடி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசிப் படத்தின் முன் நின்றுவிட்டார். சுவரெல்லாம் கருகிக் கிடந்த அடுப்படியில், மேடைமேல் பித்தளை ஸ்டவ் மட்டும் ஒரு நெளிவும் இல்லாமல் முழுதாக இருந்தது.

“ஸ்டவ்வை ஏம்மா முழுசா போட்டிருக்கே?”

“அப்படித்தானேப்பா இருந்துச்சு. நீங்கதான் அப்புறமா கொல்லையில வச்சு சம்மட்டியால…”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “இந்தப் படத்தை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்” என்று சட்டத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

பூங்கோதை குறுக்கே வந்து நின்றாள். நீட்டிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை.