இடது பக்கக் கதவு

தன் பழைய ஒஸ்டின் காரின் கைப்பிடிகளை எல்லாம் கழற்றி மெருகேற்றச் சொல்லிவிட்டு, புடவைக்கடை முதலாளி நாகரத்தினம், மெக்கானிக் தர்மராஜின் காதருகே குனிந்தார்.

"இடது கதவுக் கைப்பிடி பார்வைக்கு இருந்தா போதும். உள்ளேருந்து தெறக்கக் கூடாது."

"அங்க யாருங்க உக்காருவாங்க?"

"என் சம்சாரம். அவளுக்கு இது தெரியக் கூடாது."

அவர் போன் பேச நகர்ந்ததும், காருக்குள் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தர்மராஜின் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, என்னைய எங்க வீட்டுல விட்டுருங்க. இந்த ஆளு விட மாட்டேங்கிறாரு."

'இந்த அம்மாவ அடைச்சு வச்சு என்னமோ செய்யப் போறான்' என்று தர்மராஜுக்குப் பட்டது. பொகவந்தலாவை மலை ரோட்டின் வளைவுகளும் கிடுகிடு பள்ளங்களும் கண்முன் வந்தன. அந்த அம்மா தப்பிக்கட்டும் என்று, உள்ளேயிருந்து லேசாக இழுத்தாலே திறக்கும்படி அந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, "தெறக்காதுங்க முதலாளி" என்று பொய் சொல்லிக் காரை ஒப்படைத்தான்.

மாதம் முடியுமுன் அந்த அம்மா காரிலிருந்து விழுந்து இறந்த சேதி வந்தது. 'தள்ளிவிட்டுட்டானே பாவி' என்று கொதித்துக்கொண்டு சாவு வீட்டுக்கு ஓடினான்.

முதலாளி அவனைக் கண்டதும் உடைந்து அழுதார். "அவளுக்கு மறதி நோய்ப்பா. என்னையவே யாருன்னு தெரியாது. வீடு வந்துருச்சுன்னு ஓடுற கார்லேருந்து எறங்கப் பார்ப்பா. ஊரு பைத்தியம்னு சொல்லுமேன்னு ஒங்கிட்டகூட மறைச்சேன்."



முதலாளி அவன் தோளைத் தடவினார். "நீ மனசுல வச்சுக்காத. நீ சரியாத்தான் செஞ்ச. பழைய காரு, எப்படியோ தெறந்துக்கிச்சு."