மூலை மடக்கிய தகடுகள்

பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில், துணிக் கூரையை மடக்கி வைத்த பழைய சிவப்புக் காரின் மேல் காசு காசாய் விழுந்து கிடக்கிறது. ஊரார் வண்டிகளையே பழுதுபார்த்துவந்த மெக்கானிக் தனக்கென்று முதன்முதலாக வாங்கிய கார். கதவுக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அதற்கும் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்க்கிறார். கீழே இறுகப் பிடிக்கிறது, மேலே வழுக்கிக்கொண்டு வருகிறது. சட்டம் சாய்ந்திருக்கிறது. "அடியே படாத வண்டி மாமா" என்று சத்தியம் செய்து வாங்கிக்கொடுத்த மச்சினன், இப்போது போல்ட் கழற்றிய அந்தச் சட்டத்தை எதிர்ப்பக்கம் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஏதோ பாட்டை முணுமுணுக்கிறான். சட்டத்தின் காலடியில் விரல்விட்டுத் துழாவும் மெக்கானிக்கின் கையில், முட்டுக்காகச் செருகிய தகடுகள் கட்டாகக் கிடைக்கின்றன. மோதி நசுங்கிய வண்டிக்குத்தான் இத்தனை முட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மூலை, விரலை அறுக்காதபடி உள்பக்கம் மடக்கியிருக்கிறது. இந்தப் பட்டறையில் வேலை பழகும்போது விரலைத் தகடு கிழித்துத் தையல் போட்ட நாளிலிருந்து மச்சினன் ஒருவன்தான் அப்படி மடக்குவான். அன்று தன் சட்டையைக் கிழித்து அவன் கையில் கட்டியவர் இவர்தான். தகடுகளை பானெட்டின் மேல் பரப்புகிறார். பாட்டு நிற்கிறது. மச்சினன் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டுகிறான். "எவனோ அரைகுறைப் பய பார்த்த வேலை, மாமா." மெக்கானிக் ஒரு தகட்டின் மடக்கிய மூலையை விரலால் தடவிப் பார்க்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சட்டத்தைத் தாங்கிய விரலில் பழைய தையல் தழும்பு வெயில் பட்டு மின்னுகிறது.