வரம்புக்குள் ஒரு வயிறு

தாய்மை அனுமதி மையத்தின் எடை மேடையில் பச்சை விளக்கு எரிந்ததும் சுகந்திக்குக் கண் கலங்கியது. மூன்று வருடப் பட்டினிக்குப் பிறகு இன்றுதான் வரம்புக்குள் வந்திருக்கிறாள்.

“ஜெயிச்சிட்டீங்கம்மா, இனி குழந்தை பெத்துக்கலாம்” என்று நர்ஸ் சிரித்தாள். “கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?”

“நின்னு ரொம்ப மாசமாச்சு சிஸ்டர்.”

நர்ஸின் சிரிப்பு அடங்கியது. “சாப்பிடாம கெடந்தா அப்படித்தாம்மா. நல்லா சாப்பிட்டா திரும்ப வரும்.”

“சாப்பிட்டா எடை ஏறிடுமே?”

“ஏறினா அனுமதி ரத்தாயிடும்.”

வெளியே, பச்சை விளக்கை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட அவள் கணவன் பாலமுரளி லட்டுப் பெட்டியோடு நின்றிருந்தான்.

“இனிமேலாவது வயிறாரச் சாப்பிடு, சுகந்தி.”

அவள் ஒரு லட்டை எடுத்தாள். அவன் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்குள் அதை அவன் வாயிலேயே ஊட்டிவிட்டாள்.