சிங்கராயரின் சம்மதம்

"அப்பா, கைய மடியிலயே வெச்சிக்குங்க. சும்மா ஆட்டாதீங்க" என்று எஸ்தர் அவர் காதோரம் சொன்னாள். கள்ளக்குறிச்சியில் அந்த அறக்கட்டளை அலுவலக பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து முக்கால் மணி நேரமாகிவிட்டது.

அவர் தலையாட்டினார். "சரிம்மா. ஒங்கப்பா பேரு சிங்கராயர்தான?"

யாராவது கேட்டுவிட்டார்களா என்று எஸ்தர் சுற்றிப் பார்த்தாள். இவர் கண்ணாயிரம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடுகிறவர். போன வருஷம் கல்லூரிக்காக அவள் எடுத்த குறும்படத்தில் அப்பாவாக நடித்தார். ஒரே டேக்கில் அழுது எல்லோரையும் அழவைத்த மனுஷன், இன்றைக்குப் பார்த்துப் பேரையே மறக்கிறார்.

பெற்ற அப்பா நைனார்பாளையத்தில் இருக்கிறார். போலந்தில் ஒளிப்பதிவு படிக்க எஸ்தருக்கு இடம் கிடைத்துவிட்டது, பணம்தான் இல்லை. அறக்கட்டளை தருகிறேன் என்றது. ஆனால் அப்பா நேரில் வந்து சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கடிதத்தைப் படித்த சிங்கராயர் அதை அவள் முன்னால் வீசினார். "கேமரா தூக்கறதுக்கு சீமைக்குப் போவணுமா? நான் வர மாட்டேன்." எட்டு நாளாக வீட்டில் பேச்சில்லை. இன்றும் விடிவதற்குள் வேர்க்கடலை மூட்டையை பைக்கில் கட்டிக்கொண்டு, விற்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்றுதான் கடைசி நாள். பொய் சொன்னால் போலீஸில் புகார் என்று விண்ணப்பத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அறக்கட்டளைத் தலைவர் நாராயணசாமி நிமிர்ந்து பார்த்தார். மேசையில் நாலைந்து கோப்புகள், ஒரு தண்ணீர்ச் செம்பு, மண் போகாத பச்சை வேர்க்கடலை ஒரு பை.

"நீங்கதான் சிங்கராயரா?"

"ஆமாங்க."

"நெலத்துல இன்னா பயிரு?"

"மரவள்ளிங்க."

எஸ்தர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். "மல்லாட்டையும் போடுவோங்க" என்று வேர்க்கடலையையும் அவசரமாகச் சேர்த்தாள். நாராயணசாமி பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்.

"பொண்ணு சினிமா படிக்க அவ்ளோ தூரம் போவுது. உங்களுக்குச் சம்மதமா?"

'சம்மதங்க' என்று மட்டும்தான் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். கண்ணாயிரம் அதோடு நிற்கவில்லை.

"பயமாதாங்க இருக்குது. இவ போற ஊரு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா புடிச்சி வூட்ல வெச்சிக்கினா, பக்கத்துல இருந்துக்கினே எனக்கு இல்லாமப் பூடுவா. போவட்டுங்க."

எஸ்தருக்குக் கண் நிறைந்தது. இதை அப்பா சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது. கண்ணாயிரம் பேனாவுக்குக் கை நீட்டினார்.

நாராயணசாமி கொடுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஸ்டேஷன் வாசலில் அம்மா அழுதுகொண்டு நிற்பதுவரை எஸ்தரின் மனசு ஓடிவிட்டது.

"ஏம்மா, இவரு உங்கப்பாதானா?"

"அ... அப்பாதாங்க."

அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளைப் பார்த்தார். மறுபடி மூடிவைத்தார்.

"பெரியவரே, நீங்க கையெழுத்து போட வேணாம்."

எல்லாம் போச்சு. எஸ்தர் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, தெரியாமப் பண்ணிட்டேங்க. இவரு மேல தப்பு இல்லீங்க. போலீஸுக்கு மட்டும்..."

நாராயணசாமி வேர்க்கடலைப் பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்கப்பா காலையிலயே வந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாரும்மா."